பிரெக்ஸிட்டும் பிரிட்டன் கார்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில், கார் உதிரிபாகங்களை இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் சுங்கக் காகிதங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனாலேயே, கோயில் திருவிழாவானாலும் கல்யாண வீடானாலும், கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் பிரெக்ஸிட் பற்றிக் கேட்பார்கள். ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் "அந்த நாடு பிழைச்சுக்கிச்சா இல்லையா" என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. பிரெக்ஸிட்னு சொல்றாங்களே, அப்படி என்னதான் நடந்துச்சு?

பிரிட்டன் 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அதுதான் பிற்பாடு ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேற வேண்டும் என்றார்கள். 2020 ஜனவரி 31 அன்று நாடு அதிகாரபூர்வமாக வெளியேறியது. ஆனாலும் அந்த வருடக் கடைசி வரை பழைய விதிகளே நடப்பில் இருந்தன. புதிய வர்த்தக ஒப்பந்தம் 2020 டிசம்பர் 24 அன்று முடிவாகி, 2021 ஜனவரி 1 முதல் அமலானது.

இத்தனை தேதி எதற்கு என்றால், பொருளாதாரம் ஒரே நாளில் அடி வாங்கவில்லை. வாக்கெடுப்பு முடிந்ததும் பவுண்டு விழுந்தது. அடுத்த நாலு வருடம், என்ன ஆகுமோ என்ற குழப்பத்தில் முதலீடு நின்றது. 2021க்குப் பிறகு எல்லையில் காகித வேலை வந்தது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், எதற்கு எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

2. சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை, தடையற்ற வர்த்தகம்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்றால், இரண்டு தரப்பும் ஒருவர் பொருளுக்கு இன்னொருவர் வரி போடுவதில்லை. வெளிநாட்டுப் பொருளுக்கு அவரவர் தனித்தனி வரி வைத்துக்கொள்ளலாம். சுங்க ஒன்றியம் என்றால் வெளிநாட்டுக்கும் எல்லோரும் ஒரே வரி. துருக்கி ஐரோப்பாவோடு தொழிற்சாலைப் பொருட்களுக்கு அப்படித்தான் சேர்ந்திருக்கிறது. ஒற்றைச் சந்தை அதற்கும் மேலே போய், தர விதிகளையும் ஒன்றாக்குகிறது. நார்வே சுங்க ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது.

பிரிட்டன் இரண்டையும் விட்டு வெளியே வந்தது. இப்போது கையில் இருப்பது முதல் வகை ஒப்பந்தம் மட்டும்தான். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு முடிவிலிருந்து வருவதுதான்.

3. வேற எந்த நாடாவது இப்படி வெளியே போயிருக்கா?

டென்மார்க்கின் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் கிரீன்லாந்து, மீன்பிடி உரிமைப் பிரச்சினையால் 1985இல் வெளியேறியது. ஆனால் அது ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகை கொண்ட இடம், கார் தொழிற்சாலையும் கிடையாது. ஆகவே, கார் விஷயத்தில் முன்மாதிரி என்று காட்ட பிரிட்டனுக்கு எதுவும் இருக்கவில்லை.

4. வரியே இல்லைன்னு ஒப்பந்தம் போட்டாச்சுல்ல? அப்புறம் என்ன பிரச்சினை?

வரி இல்லை என்பது உண்மைதான், ஆனால் நிபந்தனையோடு. கார் பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ "உருவானதாக" இருக்க வேண்டும். இதற்குப் பெயர் மூலநாட்டு விதி. பெட்ரோல், டீசல் காரில் வெளியாள் பாகங்களின் மதிப்பு, தொழிற்சாலை விலையில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20,000 பவுண்டு விலையுள்ள காரில் 9,000 பவுண்டு வரைதான் ஜப்பான், சீனா, துருக்கி என்று மற்ற நாட்டுப் பாகங்கள் இருக்கலாம். 9,001 ஆனால் காருக்கே 10 சதவீதம் வரி, அதாவது 2,000 பவுண்டு. மேல்தட்டுக் கார் அல்லாத சாதாரண வண்டிகளில் கம்பெனியின் லாபம் அந்த அளவுக்கு இருப்பதே இல்லை.

வரி கட்டவே தேவையில்லாத பொருளுக்கும், தேவையில்லை என்பதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். 2020 வரை போலந்திலிருந்து ஒரு பெட்டி பிரேக் பேட் வந்தால் பில்லும் டெலிவரி சீட்டும் போதும். இப்போது என் மேசையில் அதே பெட்டிக்கு சுங்கக் குறியீட்டு எண், ஏற்றுமதி அறிவிப்பு, இறக்குமதி அறிவிப்பு எல்லாம் வேண்டும். பில்லில் "இந்தப் பொருள் ஐரோப்பிய ஒன்றியத்தில் உருவானது" என்று அனுப்புகிறவர் எழுதித் தரும் வாசகமும் வேண்டும். அந்த ஒரு வாசகம் விட்டுப்போனால், போலந்திலேயே செய்த பொருளுக்கும் வரி விழும். பெரிய கம்பெனி இதற்கு ஒரு இலாகாவையே வைத்துக்கொள்ளும். ஐந்து பேர் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிடும். அப்படி நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்தித்தாளில் வருவதில்லை.

5. ஒரு காருக்குள்ள அப்படி எத்தனை நாட்டுப் பாகம்தான் இருக்கும்?

ஆக்ஸ்ஃபோர்டில் செய்யும் மினி காரையே எடுத்துக்கொள்வோம். வாக்கெடுப்புக்குப் பிந்திய மாதங்களில் அதன் கிராங்க்ஷாஃப்ட் (எஞ்சினுக்குள் சுழலும் இரும்புத் தண்டு) செய்யும் பயணம் இங்கே எல்லோராலும் பேசப்பட்டது. பிரான்சில் வார்ப்படம். அங்கிருந்து கடல் தாண்டி, பர்மிங்காம் பக்கத்தில் உள்ள ஹாம்ஸ் ஹாலுக்கு வந்து கடைசல். மறுபடி கடல் தாண்டி ஜெர்மனியின் மியூனிக்கில் எஞ்சினுக்குள் பொருத்துதல். எஞ்சின் திரும்ப ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து காரில் ஏறும். ஒரு இரும்புத் துண்டு, மூன்று முறை கடல் கடக்கிறது. அந்தக் கார் பாரிஸில் விற்றால் நான்காவது முறை.

ஒற்றைச் சந்தைக்குள் இருக்கும்வரை இதற்கு லாரி வாடகை மட்டும்தான் செலவு. நல்லவேளையாக, பிரிட்டன் பாகமும் ஐரோப்பியப் பாகமும் ஒரே கணக்கில் சேரும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால் மேலே சொன்ன 45 சதவீதத்துக்குள் பெரும்பாலான கார்கள் அடங்கிவிடுகின்றன. நேரம்தான் அடங்குவதில்லை. ஸ்விண்டனில் இருந்த ஹோண்டா ஆலைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு நாளைக்கு 350 லாரி வரும் என்றும், உற்பத்தி வரிசையில் ஒரு மணி நேரத்துக்கான பாகங்களே கையிருப்பில் இருக்கும் என்றும் அந்தக் கம்பெனி நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னது. 2020 டிசம்பரில் துறைமுகங்கள் நெரிசலில் திணறியபோது, பாகம் வராமல் அந்த ஆலை சில நாள் நின்றது. அப்போது புதிய விதிகள் தொடங்கியிருக்கவே இல்லை.

6. பவுண்டு விழுந்தா ஏற்றுமதிக்கு நல்லதுன்னு படிச்சிருக்கோமே?

பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. வாக்கு எண்ணிய இரவில் 1.50 டாலர் அளவில் இருந்த பவுண்டு, அடுத்த நாள் 1.32 வரை இறங்கியது. 1985க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. வெளிநாட்டில் விற்கிற பிரிட்டிஷ் காருக்கு இது கொஞ்சம் கைகொடுத்தது.

ஆனால் ஐந்தாவது பதிலில் சொன்னபடி, காருக்குள் இருக்கும் பாகங்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. அதற்கு யூரோவிலும் யென்னிலும் காசு கொடுக்க வேண்டும். ஒரு கையில் வந்த லாபத்தில் பாதி இன்னொரு கையில் போனது. வாங்குகிறவர்களுக்கோ முழு நஷ்டம். பிரிட்டனில் விற்கும் புதுக் கார்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் செய்தவை.

7. நாட்டோட பொருளாதாரம் மொத்தமா எவ்வளவு அடி வாங்குச்சு?

அரசின் சொந்தக் கணிப்பு அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், ஒன்றியத்தில் இருந்திருந்தால் இருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிடுகையில் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்று கணிக்கிறது. ஏற்றுமதியும் இறக்குமதியும் 15 சதவீதம் குறையும் என்பதும் அதே கணிப்பு.

4 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். ஒரு தடவை விழுந்து எழுந்த அடி என்றால் சின்னதுதான். இது வருடா வருடம் கிடைக்காமல் போகிற வருமானம். அரசுக்கு வரி குறைகிறது, அதனால் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகிற பணம் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாததுதான் இதில் பெரிய சங்கடம். இல்லாமல் போன வளர்ச்சியை யாரும் படம் எடுத்துக் காட்ட முடியாது. நடுவில் கொரோனா வந்தது, உக்ரைன் போரால் எரிசக்தி விலை ஏறியது. எது எந்தக் கணக்கு என்று பிரிப்பதில் பொருளாதார நிபுணர்களிடையே இன்றும் வாதம் இருக்கிறது. அடி விழுந்தது என்பதில் அவர்களில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள், எவ்வளவு என்பதில்தான் சண்டை.

8. கார் தொழிற்சாலைங்க மூடினதுக்கு பிரெக்ஸிட்தான் காரணமா? ஆமா இல்லைன்னு சொல்லுங்க.

ஒற்றை வார்த்தையில் சொன்னால் அது பொய்யாகிவிடும். முதலில் எண்களைப் பாருங்கள். 2016இல் பிரிட்டன் 17.2 லட்சம் கார்கள் செய்தது. 2022இல் 7.75 லட்சம், 1956க்குப் பிறகு அதுவரை மிகக் குறைவு. 2024இலும் 7.8 லட்சம்தான். 2021, 2022இல் சிப் தட்டுப்பாடு உலகம் முழுவதும் இருந்தது, அதை பிரெக்ஸிட் கணக்கில் எழுதக் கூடாது. 2015இல் வெடித்த டீசல் புகை மோசடிக்குப் பிறகு டீசல் கார் விற்பனை சரிந்தது, அதுவும் தனிக் காரணம்.

ஹோண்டா 2019 பிப்ரவரியில் ஸ்விண்டன் ஆலையை மூடப்போவதாக அறிவித்து, 2021 ஜூலையில் மூடியது. 3,500 பேருக்கு அங்கே நேரடி வேலை. பிரெக்ஸிட் காரணமில்லை, மின்சார காருக்கு மாறுவதுதான் காரணம் என்று கம்பெனி சொன்னது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 2019 பிப்ரவரியில்தான் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் செய்த ஒப்பந்தம் அமலாகி, ஜப்பான் கார்களுக்கான 10 சதவீத வரி படிப்படியாகக் குறையத் தொடங்கியது. ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் விற்பதற்கான வாசல் என்பதுதான் பிரிட்டனில் ஆலை வைப்பதன் பெரிய காரணமாக இருந்தது. ஜப்பானிலிருந்தே வரியில்லாமல் அனுப்பலாம் என்றால் அந்தக் காரணம் வலுவிழக்கிறது. வாசலே அடைபடலாம் என்றால் இன்னும் மோசம். இன்று ஸ்விண்டன்காரர் ஒருவர் புது ஹோண்டா சிவிக் கார் வாங்கினால் அது ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது.

என் கணிப்பு இதுதான்: பிரெக்ஸிட் நேரடியாக மூடிய ஆலைகள் குறைவு. வராமல் செய்த மாடல்கள் அதிகம். நிசான் 2019இல் எக்ஸ்-டிரெயில் காரை சண்டர்லாந்தில் செய்யும் திட்டத்தைக் கைவிட்டது. முடிவுக்குத் தொழில் காரணங்களைச் சொன்னாலும், எதிர்கால உறவு பற்றிய நிச்சயமின்மை திட்டமிடுவதற்கு உதவவில்லை என்று அதே அறிக்கையில் எழுதியது. ஒரு கார் மாடலுக்கு ஆயுள் ஏழெட்டு வருடம். அடுத்த மாடல் எந்த ஆலைக்கு என்று தலைமையகத்தில் முடிவு செய்கிற மேசையில், 2016 முதல் 2020 வரை பிரிட்டனின் பெயருக்கு நேராகக் கேள்விக்குறி இருந்தது. ஒரு சுற்று தவறினால் ஆலை பாதி காலியாகிறது.

9. சண்டர்லாந்துல நிசானை நம்பி வாழுறவங்களே வெளியேறணும்னு ஓட்டுப் போட்டாங்களாமே? விவரம் தெரியாமலா?

இப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அடிக்கடி கேட்கிறார்கள். ஆம், அந்த நகரத்தில் 61 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். நிசான் ஆலை அங்கே 1986 முதல் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அந்த ஊர் கப்பல் கட்டியது, நிலக்கரி வெட்டியது. இரண்டும் போய்விட்டன, ஒன்றியத்தில் இருந்த காலத்திலேயே போய்விட்டன. லண்டன் வளர்ந்த வளர்ச்சி அங்கே போய்ச் சேரவில்லை. "இதை இழந்துவிடுவீர்கள்" என்று எச்சரிக்கை வந்தபோது, ஏற்கெனவே இழந்தவர்களின் காதில் அது ஏறவில்லை. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் நிசான் சண்டர்லாந்தில் மின்சார கார்கள் செய்யப் பெரிய முதலீட்டை அறிவித்தது. பக்கத்திலேயே பேட்டரி ஆலை இருப்பது அதற்குத் துணை. ஏன் பேட்டரி இவ்வளவு முக்கியம் என்பதை 15ஆவது பதிலில் பார்ப்போம்.

10. சரி, என் கார் விலை பிரெக்ஸிட்டாலதான் ஏறுச்சா?

கொஞ்சம். வரி விழவில்லை, ஆகவே நேரடி ஏற்றம் இல்லை. பவுண்டு விழுந்தது உண்மையான ஏற்றம். மற்றதெல்லாம் பெரும்பாலும் சிப் தட்டுப்பாடு, மூலப்பொருள் விலை, புதுப் பாதுகாப்புக் கருவிகள். மாதத் தவணையில் எடுத்தவர்களுக்கு வட்டிதான் பெரிய அடி. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்தது, 2023 ஆகஸ்டில் 5.25. "போன தடவை இதே காருக்கு மாசம் இவ்வளவுதான் கட்டினேன்" என்று சொல்கிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

11. ரோட்ல எங்க பார்த்தாலும் சீனா கார். இதுக்கும் பிரெக்ஸிட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயமாக உண்டு, ஷோரூமில் நிற்கிறவருக்கு பிரெக்ஸிட் கண்ணுக்குத் தெரியும் இடமே இதுதான். ஐரோப்பிய ஒன்றியம், சீன அரசின் மானியத்தைக் காரணம் காட்டி, சீனாவில் செய்த மின்சார கார்களுக்கு 2024 அக்டோபர் கடைசியில் கூடுதல் வரி போட்டது. ஏற்கெனவே உள்ள 10 சதவீதத்துக்கு மேல் பிஒய்டி காருக்கு 17, கீலிக்கு 18.8, எம்ஜி பிராண்டின் சொந்தக்காரரான எஸ்ஏஐசிக்கு 35.3 சதவீதம். உள்ளே இருந்திருந்தால் பிரிட்டனும் இதையே வசூலித்திருக்கும். வெளியே இருப்பதால் இங்கே 10 சதவீதம் மட்டும். ஒரே எம்ஜி மின்சார கார் பிரான்சுக்குள் நுழைய 45.3 சதவீதம், இங்கே நுழைய 10.

விளைவு கண்முன்னே இருக்கிறது. 2025இல் இங்கே விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று சீன பிராண்டு. பிஒய்டி, ஜேகூ, ஓமோடா என்று சில வருடம் முன்பு யாரும் கேள்விப்படாத பெயர்கள். வாங்குகிறவருக்கு இது லாபம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எம்ஜி ஒரு காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த பிராண்டு. பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ் ஆலையில் நடந்துவந்த கடைசிக்கட்ட பொருத்தும் வேலையும் 2016இல் நின்றுபோனது. ஷோரூமில் தேர்வு கூடுகிறது, தொழிற்சாலையில் வேலை குறைகிறது. இரண்டும் பல நேரம் ஒரே குடும்பத்துக்குள் நடக்கிறது.

12. ஐரோப்பாவுல கிடைக்கிறது இங்க இல்ல, இங்க கிடைக்கிறது அங்க இல்ல. ஏன் அப்படி?

விதிகள் மெல்ல மெல்லப் பிரிகின்றன. 2024 ஜூலை முதல் ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் வேக எச்சரிக்கை, தூக்கக் கலக்க எச்சரிக்கை போன்றவை கட்டாயம். அப்போது இங்கே அது கட்டாயமாகவில்லை. புதிய இணையப் பாதுகாப்பு விதிக்கு ஒத்துவராததால் பெட்ரோல் போர்ஷே மக்கான் 2024இல் ஒன்றியத்துச் சந்தையிலிருந்து போனது, இங்கே தொடர்ந்து விற்றது.

எதிர்த் திசையிலும் உண்டு. புதுக் கார்களில் மின்சார கார் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் தனியாக இலக்கு வைத்திருக்கிறது. 2024இல் 22, 2025இல் 28, 2026இல் 33, 2030இல் 80. அதை எட்ட, கம்பெனிகள் இங்கே மின்சார கார்களுக்குத் தள்ளுபடியைக் கொட்டுகின்றன. ஆனாலும் இதை மிகைப்படுத்த வேண்டாம். வலது பக்க ஸ்டீயரிங் வைத்துச் செய்வதே தனிச் செலவு. அந்தச் செலவுக்குச் சந்தை போதாது என்று ஒரு கம்பெனி நினைத்தால் மாடல் வராது, பிரெக்ஸிட்டுக்கு முன்பும் அப்படித்தான்.

13. அயர்லாந்து பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. ஆனால் தெற்கே உள்ள அயர்லாந்து குடியரசோடு எல்லைச் சாவடி வைக்கக் கூடாது என்பதால், சரக்கு விஷயத்தில் ஒன்றியத்தின் விதிகளே அங்கே பெரும்பாலும் செல்லும். 12ஆவது பதிலில் சொன்ன புதுக் கருவிகள் அங்கே விற்கும் காருக்குப் பொருந்தும். இங்கிலாந்து ஏலத்தில் பழைய கார் எடுத்து பெல்ஃபாஸ்டில் விற்கும் வியாபாரிகள் தங்கள் லாபத்துக்கு மட்டும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) கட்டும் சலுகையை இழந்தார்கள். 2023 மே மாதம் அதற்கு ஈடாக ஒரு பணத் திருப்பு திட்டம் வந்தது.

குடியரசில் அடி இன்னும் பலம். அங்கேயும் இடது பக்கம்தான் வண்டி ஓட்டுவார்கள், அதனால் 2019இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய கார்களை பிரிட்டனிலிருந்து வாங்கினார்கள். 2021 முதல் அதற்கு 23 சதவீத வாட், பிரிட்டனில் செய்யாத காராக இருந்தால் மேலே 10 சதவீதச் சுங்கம். வியாபாரிகள் பலர் பழைய காருக்கு ஜப்பான் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

14. அண்ணை, பாரிஸில இருக்கிற சித்தப்பா தன்ர காரைச் சும்மா தாறன் எண்டு சொல்லுறார். லண்டனுக்குக் கொண்டு வந்தால் வரி கட்ட வேணுமோ?

கட்ட வேண்டும். சும்மா தந்தாலும் காருக்கு ஒரு மதிப்பு உண்டு, வரி அந்த மதிப்பின் மேல். கொண்டுவரும் செலவோடு 10,000 பவுண்டு மதிப்பு என்று வையுங்கள். அது ஐரோப்பாவில் செய்த கார் என்பதற்கு முறையான எழுத்துச் சான்று இருந்தால் சுங்கம் இல்லை, 20 சதவீத வாட் 2,000 பவுண்டு மட்டும். ஜப்பானில் செய்ததாகவோ சான்று இல்லாததாகவோ இருந்தால் சுங்கம் 1,000. அதையும் சேர்த்த 11,000க்கு வாட் 2,200. ஆக மொத்தம் 3,200 பவுண்டு. கார் வந்து 14 நாளுக்குள் வரித்துறைக்கு அறிவிக்கவும் வேண்டும். ஹெட்லைட், பின்பக்கப் பனி விளக்கு, மைல் காட்டும் வேகமானி ஆகியவற்றை மாற்றும் செலவு தனி. பழைய காராக இருந்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

சித்தப்பாவே லண்டனுக்குக் குடிவருகிறார் என்றால் கதை வேறு. பிரிட்டனுக்கு வெளியே 12 மாதமாவது வசித்திருந்து, காரை 6 மாதமாவது வைத்து ஓட்டியிருந்தால், குடிபெயர்வோருக்கான வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 12 மாதம் வரை அதை விற்கவோ இன்னொருவருக்குக் கொடுக்கவோ கூடாது.

லண்டன் காரில் பாரிஸ் போய் வருவதற்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. காரின் பின்னால் நாட்டு அடையாளமாக ஒட்டும் பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது, யுகே என்று இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் பச்சை அட்டை தேவையில்லை.

15. மின்சார கார் வாங்க நினைச்சா, 2027ல விலை ஏறும்னு பயமுறுத்துறாங்களே?

பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. நான்காவது பதிலில் சொன்ன 45 சதவீத வரம்பு மின்சார காருக்கு இப்போதைக்குத் தளர்த்தப்பட்டு 60 சதவீதமாக இருக்கிறது. 2024இலேயே இறுக்குவதாக இருந்து, 2023 டிசம்பரில் இரு தரப்பும் சேர்ந்து 2026 கடைசி வரை தள்ளிவைத்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் வரம்பு இறுகும், பேட்டரியும் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவானதாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மின்சார காரில் மிக விலையுயர்ந்த பாகம் பேட்டரி. அதைச் சீனாவிலிருந்து கொண்டுவந்து இங்கே காரைப் பொருத்தினால், எல்லை தாண்டும்போது 10 சதவீதம் விழும்.

அதனால்தான் பேட்டரி ஆலைக்கு இந்தத் தவிப்பு. வடக்கே பிளைத்தில் ஆலை கட்டப்போவதாகச் சொன்ன பிரிட்டிஷ்வோல்ட் 2023 ஜனவரியில் திவாலானது. அதே வருடம் ஜூலையில் டாடா குழுமம் சாமர்செட்டின் பிரிட்ஜ்வாட்டரில் 400 கோடி பவுண்டு செலவில் ஆலை கட்டுவதாக அறிவித்தது.

16. வெளியே வந்ததால லாபமே இல்லையா? ஒண்ணுகூடவா இல்ல?

இருக்கிறது. அமெரிக்கா 2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டபோது, பிரிட்டன் தனியாகப் பேசி வருடத்துக்கு ஒரு லட்சம் காருக்கு மொத்தம் 10 சதவீதம் என்று குறைத்துக்கொண்டது. ஒன்றியத்துக்குப் பிற்பாடு கிடைத்தது 15. முன்பு இருந்த 2.5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இரண்டுமே உயர்வுதான், ஆனாலும் ஐந்து சதவீத வித்தியாசம் சின்னதல்ல. இந்தியாவோடும் 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 100 சதவீதத்துக்கும் மேல் இருந்த கார் வரி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் படிப்படியாக 10க்கு இறங்கும். ஒன்றியம் இந்தியாவோடு பேச்சை முடித்ததாக அறிவித்தது 2026 ஜனவரியில். பிரிட்டன் சில மாதம் முந்திக்கொண்டது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டரைப் பார்த்தால் பிரிட்டிஷ் கார் என்போம். அது ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் செய்யப்படுகிறது. பிரிட்டன் வாங்கிய சலுகை சொலிஹல்லில் செய்யும் ரேஞ்ச் ரோவருக்கு உண்டு, டிஃபெண்டருக்கு இல்லை. அது ஐரோப்பிய ஒன்றியக் கார்.

17. நம்ம ஊருக்கு இதுல ஏதாவது இருக்கா?

ஜாகுவார் லேண்ட் ரோவரை 2008 முதல் வைத்திருப்பது டாடா. அந்த கார்களையும் செய்வதற்காக ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார், 2020இல் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் கம்பெனியை வாங்கி சொலிஹல்லில் நடத்துகிறது. இங்கே சுங்க விதி மாறினால் அங்கேயும் யாரோ ஒருவர் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது.

18. திரும்பச் சேர்ந்துட்டா எல்லாம் பழையபடி ஆயிடுமா?

காகித வேலை போகும், மூலநாட்டு விதித் தொல்லை போகும். அதே நாளில் 11ஆவது பதிலில் சொன்ன சீன மின்சார கார்களுக்கும் ஒன்றியத்தின் வரி வந்துவிடும், 16இல் சொன்ன தனி ஒப்பந்தங்களும் போகும். வேலையைப் பொறுத்தவரை, போனது திரும்பாது. ஸ்விண்டன் ஆலை இருந்த இடத்தைக் கிடங்குகள் கட்டும் கம்பெனி வாங்கிவிட்டது. அடுத்தடுத்த மாடல்களைக் கேட்டு வாங்கலாம், அவ்வளவுதான். இப்போதைய அரசும் 2025 மே மாதம் லண்டனில் ஒன்றியத்தோடு உறவைச் சீர்செய்யப் பேசியதே தவிர, ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்புவதில்லை என்று சொல்லிவிட்டது.

19. அப்போ கார் வாங்கப் போறவன் எதைப் பார்த்து வாங்கணும்?

பிராண்டின் நாட்டைப் பார்க்காதீர்கள், செய்த நாட்டைப் பாருங்கள். இங்கே 2024இல் அதிகம் விற்ற ஃபோர்டு பூமா ருமேனியாவில் செய்தது. 2022இல் அதிகம் விற்ற நிசான் காஷ்காய் சண்டர்லாந்தில் செய்தது. முன்கண்ணாடியின் அடி ஓரத்தில் தெரியும் அடிச்சட்ட எண்ணின் முதல் எழுத்து ஓரளவு சொல்லிவிடும். எஸ் என்றால் பெரும்பாலும் பிரிட்டன், டபிள்யூ ஜெர்மனி, ஜே ஜப்பான், எல் சீனா. சில கம்பெனிகள் எங்கே செய்தாலும் தாய்நாட்டு எழுத்தையே போடும், அதனால் டீலரிடமும் கேளுங்கள். மின்சார கார் என்றால் பேட்டரி எங்கே செய்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள். 37,000 பவுண்டு வரையிலான சில மின்சார கார்களுக்கு 2025 ஜூலை முதல் 3,750 பவுண்டு வரை அரசு மானியம் உண்டு. அது எந்த மாடலுக்குக் கிடைக்கும் என்பதும், காரும் பேட்டரியும் எங்கே செய்தது என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.